கல்லூரி நெட்வொர்க்கில் பாட்டு டவுன்லோடு: உங்கள் லேப்டாப் உங்களைக் கேட்காமல் என்ன கொடுக்கிறது?

"ஒரே ஒரு ஆல்பம்தான் அண்ணா இறக்கினேன். அதையும் கேட்டுட்டு அழிச்சிட்டேன்."

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி உதவி மையத்தில் நான் வேலை பார்த்தபோது, முதல் பருவத்தின் நடுவில் ஒரு மாணவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து இப்படிச் சொன்னார். அன்று காலை அவருடைய விடுதி இணைய இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். மறுநாள் அவருக்கு ஆன்லைன் தேர்வு. வந்திருந்த மின்னஞ்சலைக் காட்டினார். அதில் 'பதிவிறக்கம்' என்ற சொல்லே இல்லை. 'விநியோகம்' என்றுதான் இருந்தது. "நான் யாருக்குமே கொடுக்கலையே!" என்றார். கண் கலங்கிவிட்டது.

கொடுத்திருந்தார். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், டோரண்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டை அழித்ததாக அவர் நினைத்தது பிளேயரின் பட்டியலிலிருந்து மட்டும். கோப்பு டவுன்லோடு ஃபோல்டரில் அப்படியே இருந்தது. லேப்டாப்பைத் திறந்த ஒவ்வொரு முறையும் அது முகம் தெரியாத யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

வளாகத்தில் மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலானோர் பாட்டைக் கேட்டதற்காக மாட்டுவதில்லை, தங்கள் கணினி கொடுத்ததற்காக மாட்டுகிறார்கள். இந்த வழிகாட்டியை முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதில் சொல்லும் சட்டமும் நடைமுறையும் அமெரிக்கக் கல்லூரிகளுடையவை. தொழில்நுட்பம் எங்கும் ஒன்றுதான்.

படி 1: டோரண்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண இணையதளத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கினால் அது ஒருவழிப் பாதை: சர்வர் தருகிறது, நீங்கள் வாங்குகிறீர்கள். 2001இல் வந்த பிட்டோரண்ட் (டோரண்ட் மென்பொருள்கள் பயன்படுத்தும் முறை) அப்படிப்பட்டதல்ல. கோப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, அதை விரும்புகிற எல்லோரையும் ஒரு கூட்டமாகச் சேர்த்துவிடுகிறது. உங்களுக்கு முதல் துண்டு வந்து சேர்ந்ததுமே, அது இல்லாத இன்னொருவருக்கு உங்கள் கணினி அதை அனுப்பத் தொடங்கும். பாட்டு பாதிகூட வந்திருக்காது, அதற்குள் நீங்கள் விநியோகஸ்தர். முழுதும் வந்த பிறகு நடப்பதற்குச் சீடிங் என்று பெயர். நீங்களாக நிறுத்தும்வரை, அல்லது மென்பொருளில் வைத்திருக்கும் வரம்பை எட்டும்வரை, அது நடந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் யாரும் முகமூடி போட்டுக்கொள்வதில்லை. துண்டுகளைப் பரிமாற வேண்டுமென்றால் ஒருவர் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண், மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும். இசை நிறுவனங்களுக்காகக் கண்காணிப்பு வேலை செய்பவர்கள் உங்கள் கணினிக்குள் எதையும் உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. அதே கூட்டத்தில் தாங்களும் ஓர் ஆளாகச் சேர்ந்து, எந்த ஐபி, எந்த நேரம், எந்தக் கோப்பு என்று குறித்துக்கொள்கிறார்கள். ஒரு புரோகிராம் இந்த வேலையை இரவு பகலாகச் செய்யும். "என்னை எதுக்குத் தேடப்போறாங்க?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். யாரும் உங்களைத் தேடவில்லை, உங்கள் முகவரி தானாகப் போய்ப் பட்டியலில் விழுகிறது.

படி 2: ஐபி எண் எப்படி உங்கள் பெயராக மாறுகிறது என்று பாருங்கள்

கண்காணிப்பவருக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டும். அது எந்த நிறுவனத்தின் எண் என்று பொதுப் பதிவேட்டில் பார்த்தால் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும். 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி இத்தகைய புகார்களை வாங்குவதற்கென்றே பல்கலைக்கழகங்கள் ஒருவரை நியமித்துப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. புகார் அவரிடம் வரும்.

அதன் பிறகு நடப்பது நான் கண்ணால் பார்த்த வேலை. அந்த நிமிடத்தில் அந்த ஐபி எந்தக் கருவிக்குப் போயிருந்தது என்று பதிவுகளில் தேடுவார்கள். வளாக வைஃபையில் நுழைய நீங்கள் கொடுப்பது உங்கள் கல்லூரி அடையாளமும் கடவுச்சொல்லும்தானே? ஆகவே கருவியைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடித்த மாதிரிதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இப்போதைய போன்களும் லேப்டாப்புகளும் தங்கள் வன்பொருள் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுவதால் தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உள்ளே நுழைந்தது உங்கள் பெயரில் என்பதால் அது இங்கே உதவாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதியாக இருக்கலாம். புகார் வந்த மாத்திரத்தில் பல்கலைக்கழகங்கள் உங்கள் பெயரை இசை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவதில்லை, புகாரை உங்களுக்கு அனுப்பிவைக்கும். பெயர் வேண்டுமென்றால் நீதிமன்ற உத்தரவோடு வர வேண்டும். மாணவர் ஆவணங்களைப் பாதுகாக்கும் ஃபெர்ப்பா சட்டப்படி, பொதுவாகக் கொடுப்பதற்கு முன் உங்களுக்குத் தகவல் சொல்லவும் முயல வேண்டும்.

படி 3: "வளாகத்துக்குள்ளதானே" என்ற எண்ணத்தை விடுங்கள்

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளி இணையம் ஆபத்து என்று தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விடுதிக்குள் ஒரு ஷேர்டு ஃபோல்டர், நண்பர்களுக்கு மட்டும், வெளியே யாருக்குத் தெரியும்?

கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1999இல் 71 மாணவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அவர்கள் உள் நெட்வொர்க்கில் எம்பி3 கோப்புகளைத் திறந்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு, ஒரிகான் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் வலைப்பக்கத்தில் பாட்டும் மென்பொருளும் போட்டு வைத்தார். நெட்வொர்க்கில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இவ்வளவு போக்குவரத்து ஏன் என்று பல்கலைக்கழக ஊழியர்களே கவனித்தார்கள். இணையத் திருட்டுக்கு எதிராக 1997இல் வந்த சட்டத்தின் கீழ் முதலில் குற்றவாளியானவர் அவர். அவர் அதில் ஒரு காசு சம்பாதிக்கவில்லை.

2003 ஏப்ரலில் ரென்சலேர், பிரின்ஸ்டன், மிச்சிகன் டெக் ஆகிய மூன்று கல்லூரிகளின் மாணவர்கள் நான்கு பேர் மீது அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ வழக்குப் போட்டது. உள் நெட்வொர்க்கில் இருக்கும் கோப்புகளைத் தேடித்தரும் தேடுபொறியை அவர்கள் நடத்தினார்கள். ஆளுக்கு 12,000 முதல் 17,500 டாலர் வரை கொடுத்துச் சமரசம் ஆனார்கள். 2005இல் இன்னொரு அலை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் அதிவேக இன்டர்நெட்2 வழியாக ஐ2ஹப் என்ற மென்பொருள் ஓடியது. அது கல்லூரிக்காரர்கள் மட்டும் நுழையும் இடம், வெளியாட்கள் எட்டிப் பார்க்க முடியாது என்று மாணவர்கள் நம்பினார்கள். அந்த ஏப்ரலில் 18 கல்லூரிகளைச் சேர்ந்த 405 மாணவர்கள் மீது வழக்கு வந்தது.

மூடிய இடம் என்று நாம் நினைக்கிற நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அதில் யார் எதைப் பார்க்கிறார் என்று உங்களால் சொல்ல முடியாது.

படி 4: பணமும் படிப்பும் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள்

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில், நிறுவனம் தனக்கு எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. படைப்பு ஒன்றுக்கு 750 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். தெரிந்தே செய்ததாக முடிவானால் 1,50,000 வரை போகலாம். கடையில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பாட்டுக்குக் குறைந்தபட்சமே 750 டாலர்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்த ஒரு மாணவருக்கு 2009இல் ஜூரி விதித்தது 30 பாட்டுக்கு 6,75,000 டாலர். மேல்முறையீடுகள் பல ஆண்டு நடந்தும் கடைசியில் அந்தத் தொகையே நிலைத்தது. விசாரணையின் தொடக்கக் கட்டத்தில் அவர் உண்மையை மறைத்திருந்தார், சாட்சிக் கூண்டில் அதை ஒப்புக்கொண்டார். பொய் அவருக்குத் துணை நிற்கவில்லை. அதற்கு முன் 2005இல், "பிடிச்சா வாங்கலாம்னு இறக்கிப் பார்த்தேன்" என்று இன்னொருவர் வாதாடினார். அதை ஏற்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. 30 பாட்டு, தலைக்கு 750, ஆக 22,500 டாலர். '24 மணி நேரத்துக்குள் அழித்தால் குற்றமில்லை' என்று சுற்றிவரும் பேச்சும் இதே ரகம், சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

2008 டிசம்பரோடு தனிநபர்கள் மீது மொத்தமாக வழக்குப் போடுவதை ஆர்ஐஏஏ நிறுத்திக்கொண்டது உண்மைதான். அதனால் நீங்கள் நீதிமன்றப் படி ஏறும் வாய்ப்பு முன்பைவிடக் குறைவு. ஆனால் உங்கள் கல்லூரி சும்மா இருக்க முடியாது. திரும்பத் திரும்ப மீறுபவர்களின் இணைப்பைத் துண்டிக்கும் கொள்கையை நடைமுறையில் வைத்திருந்தால்தான், மாணவர் செய்த மீறலுக்குத் தானும் பொறுப்பாகாமல் இருக்க டிஎம்சிஏ தரும் பாதுகாப்பு கல்லூரிக்குக் கிடைக்கும். 2008இல் வந்த உயர்கல்விச் சட்டம், திருட்டுப் பகிர்வைத் தடுக்கத் திட்டம் வைத்திருக்கவும், மாணவர்களை ஆண்டுதோறும் எச்சரிக்கவும் சொல்கிறது. முதல் தடவை இணைப்புத் துண்டிப்பு, ஒரு பாடமும் வினாத்தாளும். அடுத்து நீண்ட துண்டிப்பு, சில இடங்களில் கட்டணம். அதற்கும் மேல் போனால் மாணவர் ஒழுங்குக் குழு. ஒவ்வொரு கல்லூரிக்கும் வரிசை கொஞ்சம் மாறும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். முழுநேர மாணவராகப் பதிவில் இருப்பதை நம்பித்தான் உங்கள் விசா நிலை இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையில் ஒரு பருவம் இடைநீக்கம் ஆனால், விஷயம் பாட்டோடு நிற்காது.

படி 5: இப்போதே உங்கள் கணினியைச் சோதியுங்கள்

அரை மணி நேரம் போதும். தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள்.

டோரண்ட் மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜன்னலை மூடுவது அதை நிறுத்துவதாகாது, அது கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே வலது கிளிக் செய்து 'எக்ஸிட்' கொடுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்டார்ட்அப் என்று போய், கணினி திறக்கும்போதே தானாக எழுந்திருப்பவை எவை என்று பாருங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ். பள்ளிக்கூட நாட்களில் நிறுவி மறந்துபோன மென்பொருள், விடுதி வைஃபையில் முதன்முறையாக விழித்துக்கொண்ட கதை என்னிடம் ஒன்றல்ல, பல வந்திருக்கிறது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் சீடிங் ஆனதை யாரும் கேட்காமல் விட்டிருக்கலாம், வளாகத்தில் முதல் வாரமே கேட்பார்கள். தேவையில்லை என்றால் மொத்தமாக நீக்குங்கள், டவுன்லோடு ஃபோல்டரில் அது விட்டுப்போன கோப்புகளையும் சேர்த்து. ஆனால் உங்கள் பெயருக்கு ஏற்கெனவே புகாரோ வழக்கறிஞர் கடிதமோ வந்திருந்தால் எதையும் அழிக்காதீர்கள். மென்பொருளை நிறுத்திவிட்டு நேராகப் படி 7க்குப் போங்கள்.

அடுத்து, எந்த ஃபோல்டர் திறந்து கிடக்கிறது? 2002இல் கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், தங்கள் கணினியில் எந்தெந்த ஃபோல்டர் பகிரப்படுகிறது என்று 12 பேரில் 2 பேரால்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. பாட்டு ஃபோல்டரைத் திறந்துவிட்டோம் என்று நினைத்து டாக்குமென்ட்ஸ் முழுவதையும் திறந்து வைத்தவர்கள் உண்டு. வரிக் கணக்கு, பாஸ்போர்ட் நகல், அம்மா அனுப்பிய வங்கி விவரம் எல்லாமே அதில்தானே இருக்கும்? இப்படிக் கசிவது தனிநபர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2010இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், பகிர்வு மென்பொருள் வழியாக உங்களிடமிருந்து தனிநபர் தகவல்கள் கசிந்திருக்கின்றன என்று ஏறக்குறைய 100 அமைப்புகளுக்குக் கடிதம் எழுதியது. பள்ளிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. விண்டோஸில் வளாக நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று வையுங்கள் (அப்போதுதான் உங்கள் கணினி மற்றவர்கள் கண்ணில் படாது), மேக்கில் ஷேரிங் பக்கத்தில் ஃபைல் ஷேரிங்கை அணையுங்கள்.

அறைத்தோழருக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். உங்கள் பெயரில் பதிவான ரவுட்டரை அறையில் வைத்து நாலு பேர் பயன்படுத்தினாலும், புகார் வருவது உங்கள் பெயருக்குத்தான். "நான் இல்ல, அவன்தான்" என்று சொல்ல நட்பும் இடம் கொடுக்காது, நிரூபிக்கவும் முடியாது.

உங்கள் ஐபியை மறைத்து வேறொரு சர்வர் வழியாக இணைக்கும் விபிஎன் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். இணைப்பு ஒரு நொடி அறுந்தால்கூட உங்கள் உண்மையான ஐபி வெளியே தெரிந்துவிடலாம். அதைவிட முக்கியம், மறைத்துச் செய்வதால் செயலின் தன்மை மாறுவதில்லை. 'தெரிந்தே செய்தார்' என்று வாதிடுபவருக்கு நீங்களே ஆதாரம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். நான் யாருக்கும் இந்த வழியைச் சொன்னதில்லை.

படி 6: பாட்டு என்ற பெயரில் வருவது பாட்டுதானா என்று அளந்து பாருங்கள்

எளிய கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. நாலு நிமிடப் பாட்டு பத்து எம்பிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 128 தரமென்றால் நாலு எம்பிக்குச் சற்றுக் குறைவு. 'பாட்டு' 300 கேபிதான் இருக்கிறது என்றால் அது பாட்டே அல்ல. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். எம்பி3 என்று முடிவதாகத் தெரியும் பெயருக்குப் பின்னால், அது ஒரு புரோகிராம் என்று காட்டும் எக்ஸி (.exe) ஒளிந்திருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தட்டிவிட்டால் வெளியே தெரியும். பாட்டைக் கேட்க எங்களுடைய பிளேயரை நிறுவு, கோடெக் (பாட்டை ஓட வைக்கும் துணை மென்பொருள்) நிறுவு, கடவுச்சொல் வாங்க இந்தப் பக்கத்துக்கு வா என்று எது சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். கிருமி பிடித்த கணினியைக் கண்டால் கல்லூரி அதையும் நெட்வொர்க்கிலிருந்து வெட்டிவிடும்.

படி 7: அறிவிப்பு வந்துவிட்டதா? இந்த வரிசையில் போங்கள்

மின்னஞ்சல் உண்மையானதா என்று முதலில் பாருங்கள். பதிப்புரிமைப் புகார் போலவே வேடம் போட்டு, இணைப்பைச் சொடுக்க வைக்கும் மோசடிகள் ஏராளம். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள், பணம் கட்டாதீர்கள். கல்லூரி இணையதளத்திலிருந்து உதவி மையத்தின் எண்ணை எடுத்து நேரடியாகக் கேளுங்கள்.

உண்மையென்றால், அந்த மென்பொருளை உடனே நிறுத்துங்கள். அறிவிப்பில் உள்ள தேதி, நேரம், கோப்பின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பார்க்காமல் "அப்ப நான் வகுப்புல இருந்தேன்" என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் இரண்டாவது தவறாகவே அதைக் கணக்கில் எடுக்கக்கூடும்.

செய்திருந்தால் செய்தேன் என்று சொல்லுங்கள். முதல் தடவை வருகிறவர்களைக் கல்லூரி பெரும்பாலும் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புகிறது. செய்யவில்லை என்றால் அதையும் பயப்படாமல் சொல்லுங்கள். இந்த அறிவிப்புகள் தவறாகவும் வரும். 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், எந்தப் பாட்டையும் இறக்க முடியாத பிரிண்டர்களின் ஐபிக்கே திருட்டுப் புகார்கள் வந்தன. ஆகவே பதிவுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

பணம் கேட்டு வழக்கறிஞர் கடிதமோ நீதிமன்ற உத்தரவு பற்றிய தகவலோ வந்தால் அது வேறு கட்டம். அந்த நேரத்தில் பதற்றத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள், ஹார்டு டிஸ்கை மாற்றாதீர்கள். ஆதாரத்தை அழித்தது பாட்டைவிடப் பெரிய சிக்கலாகும். கையெழுத்துப் போடுவதற்கு முன், கட்டணம் கட்டுவதற்கு முன், வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பல வளாகங்களில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ ஆலோசனை தரும். வீட்டுக்கும் சொல்லுங்கள். மறைத்து வைத்துத் தனியாகத் தவித்த பிள்ளைகளைப் பார்த்து மனசு கனத்திருக்கிறது.

படி 8: பாட்டுக்கு வேறு வழி வைத்துக்கொள்ளுங்கள்

'செய்யாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இந்த வழிகாட்டி பாதியிலேயே நிற்கும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் இரண்டிலும் மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாக்சோஸ் மியூசிக் லைப்ரரி போன்ற பெரிய இசைக் களஞ்சியங்களுக்குப் பல நூலகங்கள் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கின்றன, உங்கள் கல்விக் கட்டணத்திலிருந்து. பாதிப்பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாமல் பட்டம் வாங்கிப் போகிறார்கள் என்பது என் வருத்தம்.

கோப்பாகவே கையில் வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப்பில் வாங்கலாம், பூட்டு எதுவும் இல்லாமல் தருகிறார்கள். ஜமெண்டோ, ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் ஆகிய இரண்டிலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது படைத்தவரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதித்த, பாட்டுகள் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில், பதிவு செய்து பகிர இசைக்குழுக்களே அனுமதித்த நேரடிக் கச்சேரிகள் கொட்டிக் கிடக்கின்றன. 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச் சொத்து. 1925இல் வெளியானவை 2026 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இலவசமாக இறக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் உரிமம் காட்டும் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாட்டு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த மாணவர் அதைத்தான் பழக்கமாக்கிக்கொண்டார். அடுத்த பருவம் உதவி மையத்துக்கு வந்தபோது, பாட்டுக்கு ஒன்றாகப் பெயரிட்டு வரிசையாக அடுக்கியிருந்ததை லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.